நோன்பில் நாற்பத்தொரு டிகிரி

அந்தப் புள்ள லெப்புக்கு வந்த நாளில இருந்து எனக்கு வயிறெரிச்சல். இதை மூடி மறைச்சுக் கதைக்கிறதுக்கு எனக்கு இப்ப ஏலாது. பொறாமைதான். அதுக்கு வேற நல்ல பேர் ஒண்டும் கிடையாது. அப்ப ஆராவது கேட்டா, "அவவுக்கு அனுபவம் காணாது, இன்னும் பழகணும்" எண்டு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சன். அவட வேலை நல்ல வேலை. அதுதான் எனக்கு எரிஞ்சது.

நான் வேலை செய்யிறது கல்முனைக்குத் தெற்கால, கடலோரமா இருக்கிற ஒரு சின்னக் கம்பனில. வார்னிஷ், தின்னர், மரத்துக்குப் பூசுற எண்ணெய் எல்லாம் கலந்து பெரல்ல அடைச்சு விக்கிற இடம். பின்பக்கத்து அறைதான் எங்கட லெப். ஒரு மேசை, ரெண்டு கதிரை, ஒரு பழைய ஃப்ரிட்ஜ், தராசு, கொஞ்சம் கண்ணாடிச் சாமான், கடல் பக்கமா ரெண்டு ஜன்னல். பதினொரு வருசமா அந்த அறைக்கு நான்தான் ராணி. பள்ளிக்கூடத்தில ஏ.எல். வரைக்கும் விஞ்ஞானம் படிச்சு, கெம்பஸில இடம் கிடைக்காம, ஒரு வருசக் கோர்ஸ் ஒண்டு செஞ்சுபோட்டு வந்தவ நான். ஒரு பெச், அதாவது ஒரு தடவை கலந்த சாமான், வெளிய போகணும் எண்டா ரிப்போட்டுல என்ட கையெழுத்து விழணும். லொறிக்காரன் வாசல்ல நிண்டு எவ்வளவு ஹோன் அடிச்சாலும், நான் கையெழுத்து வைக்காம ஒரு பெரல் அசையாது. மெனேஜர் சேரே எழும்பி வந்து, "முடிஞ்சதா?" எண்டு கதவுல நிண்டு கேப்பாரு. "பொறுங்க சேர்" எண்டு சொல்லுவன். அந்தச் சொகம் இருக்கே, அதை ஆருக்கும் விளங்கப்படுத்த ஏலாது. வீட்டுல எனக்கு அந்த மரியாதை இல்ல. என்ட புருசன் தேத்தண்ணில சீனி காணாது எண்டு எனக்கே ரிப்போட் தாற ஆள்.

லெப்பில பெரிய வேலை பிளாஷ் பொயின்ட் பாக்கிறது. தெரியாத ஆக்களுக்குச் சொல்றன். எண்ணெய் தானாப் பத்துறதில்ல, அதுல இருந்து கிளம்புற ஆவிதான் பத்துறது. சூடு கூடக் கூட ஆவி கூடும். பித்தளைக் கப் ஒண்டுல கோடு வரைக்கும் எண்ணெய ஊத்தி, மூடியப் பூட்டி, தெர்மோமீற்றரைச் செருகி, கீழால மெல்ல மெல்லச் சூடாக்கணும். டிகிரிக்கு ஒருக்கா மூடியில இருக்கிற குமிழைத் திருப்பினா ஒரு சின்ன வாசல் திறக்கும். பயறுமணி அளவு நெருப்பு ஒண்டு குனிஞ்சு உள்ள எட்டிப் பாத்திட்டு நிமிரும். ஒண்டும் நடக்காட்டி அடுத்த டிகிரிக்குக் காத்திருக்கணும். ஒரு கட்டத்தில, கப்புக்குள்ள நீலமா ஒரு வெளிச்சம் பக்கெண்டு ஓடி அணையும். கண்ணை இமைச்சாப் போயிடும். அந்த டிகிரிதான் பிளாஷ் பொயின்ட். நம்பர் குறைய எண்டா சாமான் லேசாப் பத்தும், நெருப்புக்குக் கிட்ட வைக்கவே கூடாது. கூட எண்டா கொஞ்சம் நிம்மதி.

எங்கட ஊர் வெக்கைக்கு, மேசையில சும்மா வைச்ச எண்ணெயே முப்பது டிகிரிக்கு மேல நிக்கும். அதனால சாம்பிளை முதல்ல நல்லாக் குளிராக்கித்தான் தொடங்கணும். ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணின நாளில மீன் வாடியில இருந்து ஐஸ் கொண்டு வந்து வேலை செஞ்சிருக்கன். லெப் முழுக்கச் சூரை மீன் மணம். அப்பிடியெல்லாம் கஷ்டப்பட்டுப் பழகின கண் என்ட கண். அந்த நீலத்தைப் பிடிக்கிறதுல என்னை அடிக்க ஆளில்ல எண்டு எனக்கொரு பெருமை இருந்திச்சு.

அதுக்குள்ளதான் இவ வந்தா. மருதமுனைப் புள்ள, இருபத்தஞ்சு வயசு, ஒலுவில் கெம்பஸில இரசாயனம் படிச்சுப் பட்டம் எடுத்தவ. முதல் நாளே ஸலாம் சொல்லி, அக்கா முறை வைச்சு, "ராத்தா, எனக்கு ஒண்டும் தெரியா. நீங்கதான் காட்டித் தரணும்" எண்டு என்ட கையைப் பிடிச்சா. பட்டம் எடுத்த ஒருத்தி ஒண்டும் தெரியா எண்டு சொன்னது எனக்குப் பிடிக்கல. தெரியும் எண்டு சொல்லியிருந்தாலும் பிடிச்சிருக்காது.

ரெண்டாம் கிழமை அவ எழுதின ரிப்போட்டை மெனேஜர் சேர் கொண்டு போய் ஒஃபிஸ் போர்டுல குத்தினாரு. "இப்பிடித்தான் எழுதணும், பாருங்க" எண்டு எல்லாருக்கும் முன்னால. பதினொரு வருசமா நான் எழுதினது என்ன, கோழி கிண்டினதா? அவட எழுத்து முத்து முத்தா இருந்தது உண்மைதான். அண்டைக்கு வீட்டுக்குப் போய், என்ட மகள்ட கொப்பியில நானும் முத்து முத்தா எழுதிப் பாத்தன். நாலு வரிக்கு மேல கை நொந்திச்சு.

அதோட விட்டேனா? இல்ல. நேரம் பிடிக்கிற நல்ல மணிக்கூட்டை என்ட மேசை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினன், அவவுக்கு அடிக்கடி நிக்கிற பழசைக் குடுத்தன். கப் மூடியில அந்தச் சின்ன வாசல் சில நேரம் இறுகும், ஒரு பக்கமா லேசாத் தட்டினாத்தான் திறக்கும். அதைச் சொல்லிக் குடுக்கல. அவ தானாக் கண்டுபிடிச்சா, அதுவும் மூணே நாளில. கழுவுற வேலை எல்லாம் அவட தலையில கட்டினன். முகம் சுளிக்காமக் கழுவினா. சுளிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

மெனேஜர் சேர் கட்டாயப்படுத்தினதால பிளாஷ் பொயின்டும் பாக்க விட்டன். ஒரே சாம்பிளை நான் ஒருக்கா, அவ ஒருக்கா. பிழை விடுவா, பிழை விடுவா எண்டு பாத்துக்கிட்டு இருந்தன். எனக்கு நாற்பத்தஞ்சு எண்டா அவவுக்கும் நாற்பத்தஞ்சு. எனக்கு ஐம்பத்திரண்டு எண்டா அவவுக்கும் அதுதான். ஆறு மாசத்துல என்ட கண் அளவுக்கு அவட கண் வந்திட்டு. நான் வருசக் கணக்கா மீன் ஐஸுக்குள்ள கையை விட்டுப் பழகினதை அவ பத்திரிகை வாசிக்கிற மாதிரிப் பழகிட்டா.

அந்த நேரத்துலதான் சேர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. புது மெஷின் ஒண்டு வருதாம், தானாச் சூடாக்கித் தானா நெருப்புக் காட்டித் தானா நம்பர் எழுதுற மெஷின். அதைப் பழக ரெண்டு கிழமை கொழும்புக்குப் போகணும். "உங்க ரெண்டு பேர்ல ஒராளைத்தான் அனுப்பலாம். போய் வாறவங்கதான் இனி லெப்புக்குப் பொறுப்பு. கையெழுத்தும் அவங்கடதான்" எண்டாரு. என்ட கையெழுத்து! அவ தலையைக் குனிஞ்சுகொண்டு, "ராத்தாவையே அனுப்புங்க சேர்" எண்டு மெதுவாச் சொன்னா. அது இன்னும் மோசம். நடிக்கிறா எண்டு நினைச்சன்.

அப்பதான் நோன்பு வந்திச்சு.

என்ட ஒரு பழக்கத்தை இங்க சொல்லியாகணும். புகை உள்ள போனா நோன்பு முறியும் எண்டு சின்ன வயசுல ஓதப் போன இடத்தில கேட்டிருக்கன். புகைக்குச் சொன்னதை நான் எண்ணெய் ஆவிக்கும் சேத்து எடுத்துக்கிட்டன். ஆரிட்டயும் கேக்கல. கேட்டு, "ஓம், முறியும், அந்த மாசம் வேலைக்குப் போகாதீங்க" எண்டு சொல்லிட்டா என்ன செய்யிற? அதனால நோன்பு மாசத்தில நானே ஒரு வழி வைச்சிருந்தன். ரெண்டு ஜன்னலையும் விரியத் திறந்து, ஃபேனை முழுசாப் போட்டு, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கப்புக்கு முன்னால நிப்பன். நெருப்பு அணையாம இருக்க ஒரு ஃபைலை நிமித்தி மறைப்பா வைப்பன். பதினொரு நோன்பும் அப்பிடித்தான். பேணுதலா இருக்கிறன் எண்டு மனசுக்குள்ள ஒரு நினைப்பு வேற.

நோன்பு இருபது கழிஞ்சிருக்கும். நிந்தவூர்ல தளபாடம் செய்யிற ஒரு பெரிய இடத்துக்கு இருபது பெரல் வார்னிஷ் எண்ணெய் போகணும். பெருநாளைக்கு முதல் கட்டில் அலுமாரி எல்லாம் பொலிஷ் அடிச்சு முடிக்கணும் எண்டு அவங்க அவசரம். அவங்கட ஒரே நிபந்தனை, பிளாஷ் பொயின்ட் நாற்பதுக்குக் கீழ போகக் கூடாது. இந்த முறை எங்கட மூல எண்ணெய் வேற இடத்தில இருந்து வந்தது. நான் காலையில பாத்தன். நாற்பத்தொண்டு. எழுதி வைச்சிட்டுப் பகல் லுஹர் தொழுகைக்குப் போனன்.

தொழுதிட்டு வரக்குள்ள மெனேஜர் சேர் லெப்புக்குள்ள நிக்கிறாரு. அவ பக்கத்துல. மேசையில ரெண்டு தாள். என்டதுல நாற்பத்தொண்டு, அவடதுல முப்பத்தேழு.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லக் கூடாது. மாட்டினாடி எண்டு நினைச்சன்.

"என்ன புள்ள இது, முப்பத்தேழா? கப்பை ஒழுங்காத் துடைச்சியா?"

"துடைச்சன் ராத்தா. காயவும் வைச்சன்."

"கழுவின தின்னர் ஒரு சொட்டு அதுக்குள்ள நிண்டாலும் நம்பர் கீழ இறங்கும். கெம்பஸில சொல்லித் தரல்லியா?"

"தந்தாங்க ராத்தா. அதனாலதான் புதுசா ஊத்தி இன்னொருக்காவும் பாத்தன். முப்பத்தேழுதான்."

"அப்ப நான் பாத்தது பொய்யா?" எண்டு சத்தம் போட்டன். நோன்பும் அதுவுமா தொண்டை காய்ஞ்சு போய் அந்தச் சத்தம் எனக்கே கேக்கச் சகிக்கல.

சேர் ரெண்டு தாளையும் கையில எடுத்தாரு. "சண்டை பிடிக்காதீங்க. அங்க பொலிஷ் அடிக்கிற கொட்டிலுக்கு அடுத்த கொட்டில்ல வெல்டிங் நடக்குது. நாற்பதுக்கு மேல எண்டு எழுதிக் குடுத்து உள்ள இருக்கிறது முப்பத்தேழா இருந்தா, அது விளையாட்டில்ல. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் என்ட கண்ணுக்கு முன்னால செய்யுங்க. எது சரி எண்டு எனக்குத் தெரியணும். லொறி நிக்கட்டும்" எண்டு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நான் விடல. அவ பின்னேரம் கப்பைக் கழுவிக்கொண்டு நிக்கக்குள்ள கிட்டப் போய்க் கேட்டன், "நீ எப்பிடிச் செஞ்ச? ஒண்டு விடாமச் சொல்லு."

சொன்னா. எண்ணெயக் குளிராக்கினது, கோடு வரைக்கும் ஊத்தினது, டிகிரிக்கு ஒருக்கா நெருப்புக் காட்டினது. எல்லாம் நான் செய்யிறதுதான். "ஜன்னல் சாத்தித்தான் இருந்திச்சு, ஃபேனையும் நிப்பாட்டினன். காத்து அடிச்சா வாசல் திறக்கக்குள்ள ஆவியக் கொண்டு போயிடுமே ராத்தா. வெளிச்சம் கூட எண்டாலும் நீலம் கண்ணுக்குத் தெரியாது" எண்டு சொல்லிக்கொண்டே வந்தவ, நிமிந்து திறந்து கிடந்த ஜன்னலைப் பாத்தா. மேல சுத்திக்கொண்டு நிண்ட ஃபேனைப் பாத்தா. நிமித்தி வைச்ச ஃபைலைப் பாத்தா. மறுகா வாயை மூடிக்கிட்டா.

அவவுக்கு விளங்கிட்டு. அவவுக்கு விளங்கினது எனக்கும் விளங்கிட்டு. அந்த மூடின வாயில ஒரு அறை விடணும் போல இருந்திச்சு. ஏதாவது சொல்லிச் சிரிச்சிருந்தாக் கூடத் தாங்கியிருப்பன்.

"ஜன்னலைச் சாத்திட்டு அந்த ஆவிக்குள்ள நிண்டியா? அப்ப உன்ட நோன்பு?" எண்டு கேட்டன். அதுலயாவது ஒரு குறை பிடிக்கலாம் எண்டுதான்.

"நோன்புக்கு முதலே எங்கட பள்ளி மௌலவிக்கிட்ட வாப்பாவை விட்டுக் கேட்டன் ராத்தா. வேலைக்காக நிக்கக்குள்ள தானா வாற மணத்தால முறியாதாம். வேணுமெண்டு மூக்கால இழுக்காம இருந்தாச் சரியாம்."

பாருங்க, அதிலயும் அவதான் மேல. நான் பதினொரு வருசமா என்ட பாட்டுக்கு ஒரு சட்டம் போட்டு நடக்கிறன், இவ தகப்பனை அனுப்பி அஞ்சு நிமிசத்தில கேட்டு முடிச்சிட்டா. "உங்கட ஊர் மௌலவிமாருக்கு எல்லாம் லேசுதான்" எண்டு சொல்லிட்டு ஹேண்ட்பேக்கைத் தூக்கிக்கொண்டு வெளியேறினன். அண்டைக்கு நோன்பு திறக்கக்குள்ள கஞ்சி கூட இறங்கல. என்ட மகள், "என்ன உம்மா, ஆரோட கோவம்?" எண்டு கேட்டா. ஆரோட எண்டு சொல்ல?

அடுத்த நாள் ஏழு மணிக்கே லெப்புக்கு வந்திட்டன். வேலை தொடங்குறது எட்டரைக்கு. வாச்சர் திறந்து விட்டுட்டு ஒரு மாதிரிப் பாத்தாரு. எல்லாரும் வாறதுக்கு முதல் எனக்கொரு நம்பர் வேணும். ரெண்டு ஜன்னலையும் சாத்தினன். ஃபேனை நிப்பாட்டினன். கொஞ்ச நேரத்தில கழுத்தால வேர்வை வழியுது. ஃப்ரிட்ஜில குளிர வைச்ச சாம்பிளைக் கோடு வரைக்கும் ஊத்தி, மூடியப் பூட்டி, நெருப்பை வைச்சன்.

முப்பது. ஒண்டும் இல்ல. முப்பத்துமூணு. ஒண்டும் இல்ல. முப்பத்தாறுல குமிழைத் திருப்பக்குள்ள, யா அல்லாஹ், இதுல பத்தக் கூடாது, நாற்பத்தொண்டு வரைக்கும் போகணும் எண்டு துஆக் கேட்டன். ஒரு எண்ணெய்க்குப் போய் துஆக் கேட்டன், அவ தோக்கணும் எண்டு. முப்பத்தேழுல திருப்பினன். அரை இருட்டுக்குள்ள, அந்த நீலம் கப்பு நிறைய ஓடிச்சு. இவ்வளவு வடிவா நான் அதைக் கண்டதே இல்ல.

ஊத்திப்போட்டு, கழுவிக் காய வைச்சு, புதுச் சாம்பிள் எடுத்து மறுபடி செஞ்சன். முப்பத்தேழு. மூணாந்தரம் ஜன்னலையும் திறந்து ஃபேனையும் போட்டுச் செஞ்சு பாத்தன். முப்பத்தேழுல ஒண்டும் தெரியல. முப்பத்தெட்டிலயும் இல்ல. நாற்பத்தொண்டுலதான் வந்திச்சு, அதுவும் மங்கலா. கதிரையில அப்பிடியே குந்திட்டன்.

ஒண்டை ஒத்துக்கொள்றன். அந்த நேரம் என்ட மனசுல முதல் வந்தது நிந்தவூர்ல வெல்டிங் அடிக்கிற ஆள் இல்ல. நான் எழுதிக் குடுத்த தாளை நம்பி அந்த எண்ணெயைப் பக்கத்துல வைச்சுக்கொண்டு அவர் நெருப்புப் பொறி பறக்க வேலை செஞ்சிருப்பாரு. அவர் ரெண்டாவதாத்தான் வந்தாரு. முதல்ல வந்தது, அவ நேத்தே விளங்கிக்கிட்டா, இண்டைக்கு சேருக்கு முன்னால சொல்லப் போறா எண்ட நினைப்புத்தான். "ராத்தா ஃபேனைப் போட்டுச் செஞ்சிருக்காங்க சேர்" எண்டு ஒரு வசனம் போதும். கொழும்பும் போச்சு, கையெழுத்தும் போச்சு.

எட்டரைக்கு சேர் வந்தாரு. அவவும் அவருக்குப் பின்னால வந்து நிண்டா. அவ வாயைத் திறக்க முதல் நான் எழும்பிட்டன்.

"சேர், செய்யத் தேவையில்ல. நான் வெள்ளன வந்து மூணு தரம் பாத்திட்டன். முப்பத்தேழுதான் சரி. என்ட நம்பர்தான் பிழை. நோன்பெண்டு நான் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுச் செஞ்சிருக்கன். காத்து ஆவியக் கொண்டு போயிட்டுது."

இதுவரைக்கும் உண்மை. இதோட நிப்பாட்டியிருக்கலாம். நிப்பாட்டியிருந்தா நான் இதை எழுதிக்கொண்டு இருக்க மாட்டன்.

சேர் அப்பிடியே பாத்தாரு. "காத்தாலதான் எண்டு ஆர் பிடிச்சது?"

"நான்தான் சேர். ராவு முழுக்க யோசிச்சுப் பாத்தன். இவவுக்கும் இதெல்லாம் விளங்கப்படுத்தணும்."

சொல்லிட்டு அவட பக்கம் பாக்கல. சேர்தான் கிறுகி அவவைப் பாத்தாரு. "அப்பிடியா?"

அவ மேல சுத்துற ஃபேனை ஒருக்கா நிமிந்து பாத்தா. மறுகா, "ஓம் சேர். ராத்தா சொல்றது சரி. காத்துதான்" எண்டா.

சேருக்கு முகம் மலந்திட்டு. "தன்ட பிழையத் தானே பிடிச்சு, தானே வந்து சொல்ல ஒரு மனசு வேணும். இதுக்காகத்தான் நான் உங்கள நம்புறது" எண்டு என்னைப் பாத்துச் சொன்னாரு. "கொழும்புக்கு நீங்கதான். நிந்தவூருக்கு நான் கதைக்கிறன், வேற பெச் கலந்து அனுப்புவம்." அவர் போன பிறகு எனக்குச் சந்தோசம் வரணுமே? மூணு டிகிரி, நாலு டிகிரியெண்டு நெஞ்சுக்குள்ள என்னவோ சூடேறிக்கொண்டு இருந்திச்சு.

அவ ஒண்டும் நடக்காத மாதிரி முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு, நான் அழுக்காக்கி வைச்ச கப்பை எடுத்துக் கழுவத் தொடங்கினா. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்திச்சு. களவெடுத்தவ நான், கோவம் வந்ததும் எனக்கு.

"ஏன்டி பேசாம நிண்ட? நீதான் பிடிச்சது எண்டு சொல்லியிருக்கலாமே? வாயில என்ன, பூட்டா?"

"காத்துதானே ராத்தா காரணம். நம்பர் சரியா வந்திட்டுத்தானே. ஆர் சொன்னா என்ன?"

ஆர் சொன்னா என்னவாம். எனக்கு அப்பிடி ஒரு வசனம் ஜென்மத்துக்கும் வராது.

"அதோட ராத்தா, நேத்து நீங்க போன பிறகு பழைய கொப்பி எல்லாத்தையும் எடுத்துப் பாத்திட்டன்" எண்டா, கப்பைத் துடைச்சுக்கொண்டே. "நோன்பு மாசத்து நம்பர் எல்லாம் நாற்பத்தஞ்சுக்கு மேலதான். நாலைக் கழிச்சாலும் நாற்பதுக்குக் கீழ ஒண்டும் போகல. நீங்க அதை நினைச்சுப் பயப்படாதீங்க."

அந்தக் கொப்பியளை நான் நினைக்கக் கூட இல்ல. நான் ஹேண்ட்பேக்கைத் தூக்கிக்கொண்டு போன நேரம், இவ குந்திக்கொண்டு எனக்காகப் பதினொரு வருசத்தைப் புரட்டியிருக்கா. ஒரு மனுசிக்கு இவ்வளவு நல்லவளா இருக்க ஆர் அனுமதி குடுத்தது? அப்ப வந்த பொறாமை மாதிரி ஒரு பொறாமை எனக்கு அதுக்கு முதலும் வரல, பிறகும் வரல. எழுத்துக்கும் பட்டத்துக்கும் பொறாமைப்படலாம், அதெல்லாம் சின்ன விசயம்.

"அப்ப கொழும்பு? பொறுப்பு? உனக்கு ஆசையே இல்லையா?" எண்டு கேட்டன். என்ட குரல் கெஞ்சுற மாதிரி இருந்திச்சு. ஆசை இருந்திச்சு எண்டு அவ ஒரு சொல்லுச் சொல்லட்டும், நான் களவெடுத்ததுக்காவது ஒரு பெறுமதி இருக்கட்டும்.

அவ கையைத் துடைச்சிட்டு வந்து எனக்கு முன்னால நிண்டா. கொஞ்சம் வெக்கப்பட்ட சிரிப்பு.

"ராத்தா, உங்கக்கிட்டச் சொல்லல எண்டு கோவிக்காதீங்க. எனக்கு டீச்சர் எப்பொயின்மென்ட் வந்திரிக்கி. பெருநாள் முடிஞ்ச கையோட ஸ்கூலுக்குப் போகணும். இங்க வந்ததே அது வரும் வரைக்கும் சும்மா இருக்காம இருக்கத்தான்."

"சேருக்குத் தெரியுமா?"

"போன கிழமையே சொல்லிட்டன். அப்பவே, கொழும்புக்கு ராத்தாவைத்தான் அனுப்புறன் எண்டு சேர் சொன்னாரு."

போன கிழமை. என்ட கதிரையை ஆரும் கேக்கல. கேட்ட ஒரே ஆள் எண்டு நான் நினைச்சவ, போன கிழமையே எழும்பிப் போயிட்டா. இண்டைக்குக் காலையில நான் நோன்பு வாயால சொன்ன அந்தப் பொய், எனக்குக் கிடைச்சு முடிஞ்ச சாமானுக்குச் சொன்ன பொய்.

அவ என்ட முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டா. "என்ன ராத்தா, உங்களுக்குச் சந்தோசம் இல்லையா?"

கவர்ண்மென்ட் வேலை. ஒண்டரை மணிக்கு வீடு. பென்ஷன். நானும் ஒரு காலத்தில அந்தக் கடிதத்துக்குத்தான் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தவ.

"மாஷா அல்லாஹ், சந்தோசம்தான் புள்ள" எண்டன். எட்டரைக்கு ஒரு பொய், ஒம்பது மணிக்கு ரெண்டாவது.